திருப்புதல் தேர்வா, தீர்ப்புத் தேர்வா?

பொங்கல் முடிந்து கரும்புச் சக்கையைக் கூட்டி அள்ளுவதற்குள், தமிழ்நாட்டில் பிளஸ் டூ அல்லது பத்தாவது படிக்கும் பிள்ளை இருக்கிற வீடுகளில் ஒரு மாதிரியான அமைதி வந்துவிடும். முன்பெல்லாம் கேபிள் ஒயரைப் பிடுங்குவார்கள். இப்போது வைஃபை பாஸ்வேர்டை மாற்றுகிறார்கள். வேறு பெரிய வித்தியாசம் இல்லை. டிசம்பரில் அரையாண்டு, ஜனவரி பிப்ரவரியில் முதல் திருப்புதல், இரண்டாம் திருப்புதல், சில பள்ளிகளில் மூன்றாம் திருப்புதல், மார்ச்சில் பொதுத்தேர்வு. மூன்று மாதத்துக்குள் மூன்று நான்கு ஒத்திகை.

ஒத்திகை என்று நான் சொல்கிறேன். ஆனால் எந்த வீட்டிலும் அதை ஒத்திகையாக யாரும் நடத்துவதில்லை. மார்க் வந்த அன்று சாயங்காலம் நடப்பதைப் பார்த்தால், கோர்ட்டில் தீர்ப்பு வாசித்தது போலத்தான் இருக்கும். குற்றவாளி கூண்டில் பையன். ஜட்ஜ் அப்பா. அரசு வக்கீல் அம்மா. சாட்சி சொல்ல வந்தவர் பெரியப்பா (அவர் பையன் கோயம்புத்தூரில் இன்ஜினியரிங்). தீர்ப்பு எப்போதும் ஒன்றுதான்... "இவன் தேற மாட்டான்".

இந்தப் பதிவில் நான் சொல்ல வருவது ஒரே ஒரு விஷயம். திருப்புதல் தேர்வில் மார்க் என்பது ஒன்றுக்கும் உதவாத தகவல். விடைத்தாள்தான் தகவல். நம் ஊரில் எல்லோரும் மார்க்கைப் படிக்கிறோம், விடைத்தாளை யாரும் படிப்பதில்லை. அதனால்தான் இவ்வளவு தேர்வு வைத்தும் பிள்ளைக்கு ஒரு பிரயோஜனமும் இல்லாமல் போகிறது.

சர்க்கரை டெஸ்ட்

ஒரு சின்ன உதாரணம். அப்பாவுக்கு சர்க்கரை டெஸ்ட் எடுக்கிறோம். வெறும் வயிற்றில் 240 என்று ரிப்போர்ட் வருகிறது. வீட்டில் என்ன செய்வோம்? "பக்கத்து வீட்டு மாமாவுக்கு 110தான், உங்களுக்கு மட்டும் ஏன் இப்படி, எங்க மானமே போச்சு" என்று யாராவது கத்துவோமா? ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போவோம். மாத்திரையா, சாப்பாடா, நடையா, எதை மாற்ற வேண்டும் என்று கேட்போம். டெஸ்ட் எடுத்ததே அதற்குத்தானே?

அதே வீட்டில் பையன் கணக்கில் 90க்கு 41 வாங்கி வந்தால் மட்டும் டாக்டர் ஞாபகம் வராது. மானம்தான் ஞாபகம் வரும்.

திருப்புதல் தேர்வும் ஒரு டெஸ்ட் ரிப்போர்ட்தான். எங்கே ஓட்டை இருக்கிறது என்று பொதுத்தேர்வுக்கு முன்னாலேயே காட்டிக் கொடுப்பது அதன் வேலை. தப்பு செய்வதற்காகவே வைக்கப்படும் தேர்வு அது. அதில் தப்பு செய்ததற்குத் திட்டினால், டெஸ்ட் எடுத்த பாவத்துக்குத் திட்டுகிறோம் என்று அர்த்தம்.

இரண்டு கட்சிகள்

பெற்றோரில் இரண்டு கட்சி உண்டு.

முதலாவது, திட்டும் கட்சி. இதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, எல்லோருக்கும் அனுபவம் இருக்கும் :) "உனக்காக எவ்வளவு கஷ்டப்படறோம்" என்று ஆரம்பித்து "மாடு மேய்க்கத்தான் லாயக்கு" என்று முடியும். (மாடு மேய்ப்பது அவ்வளவு சுலபம் என்று நினைப்பவர்கள் ஒரு நாள் மேய்த்துப் பார்க்கலாம்.)

இரண்டாவது, தடவிக் கொடுக்கும் கட்சி. நாலு சினிமா பார்த்து, நாலு மோட்டிவேஷன் வீடியோ பார்த்து உருவான கட்சி. "மார்க் முக்கியமில்ல கண்ணு, நீ சந்தோஷமா இருந்தா போதும்" என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பிள்ளை முட்டாள் இல்லை. மார்க் முக்கியமில்லை என்றால் எதற்காகக் காலை ஏழு மணி ஸ்பெஷல் கிளாஸ், எதற்காக டியூஷனுக்குக் கடன் வாங்கினார்கள் என்று அவனுக்குத் தெரியும். ஆக, அவன் காதில் அந்த வார்த்தை எப்படி விழுகிறது தெரியுமா? "உன்கிட்ட எதிர்பார்க்கிறதை நாங்க விட்டுட்டோம்" என்று விழுகிறது.

இந்த இரண்டு கட்சிக்கும் ஆகாது என்று நினைக்கிறோம். எனக்கு இரண்டும் ஒன்றுதான். ஒருவர் மார்க்கைப் பார்த்துக் கத்துகிறார், இன்னொருவர் மார்க்கைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொள்கிறார். விடைத்தாளைக் கையில் வாங்கி, எந்தக் கணக்கில் எந்த வரியில் பிசகினான் என்று பார்த்தவர் இருவரிலும் யாரும் இல்லை.

மார்க்கையாவது ஒழுங்காகப் படிக்கிறார்களா என்றால் அதுவும் இல்லை. எங்கள் தெருவில் ஒரு அக்கா, மகள் இயற்பியலில் 70க்கு 22 வாங்கியதும் "ஃபெயில் ஆயிட்டா" என்று இரண்டு நாள் சாப்பிடவில்லை. பிளஸ் டூவில் செய்முறை உள்ள பாடத்துக்கு எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. எழுத்தில் குறைந்தது 15 எடுத்து, மூன்றும் சேர்த்து 35 வந்தால் தேர்ச்சி. 22 பெருமைப்பட வேண்டிய மார்க் இல்லைதான். ஆனால் இரண்டு நாள் பட்டினி கிடக்க வேண்டிய மார்க்கும் இல்லை. அந்தப் பெண் தன் இயற்பியலை மட்டும் சுமந்தால் போதாது, அம்மாவின் பட்டினியையும் சேர்த்துச் சுமக்க வேண்டியிருந்தது. அந்த இரண்டு நாளில் அவள் என்ன படித்திருப்பாள்?

ஒரு பேப்பரின் போஸ்ட்மார்ட்டம்

சும்மா தத்துவம் பேசினால் போதாது, கணக்கைக் காட்டு என்பீர்கள். காட்டுகிறேன்.

மேலே சொன்ன 90க்கு 41 என் தம்பியுடையது. (அவன் அனுமதியோடுதான் எழுதுகிறேன். ஒரு பரோட்டா செலவு.) பிளஸ் டூ கணக்கு வினாத்தாள் எப்படி இருக்கும் என்று தெரியாதவர்களுக்கு: ஒரு மதிப்பெண் 20, இரண்டு மதிப்பெண் 7, மூன்று மதிப்பெண் 7, ஐந்து மதிப்பெண் 7. மொத்தம் 20 + 14 + 21 + 35 = 90. நேரம் மூன்று மணி.

அவன் இழந்தது 49 மதிப்பெண். அம்மா எட்டாவது வரை படித்தவர். வகைக்கெழு என்றால் என்ன என்று அவருக்குத் தெரியாது. அவர் கேட்டது ஒரே கேள்வி. "இதுல தெரியாம விட்டது எது, தெரிஞ்சும் விட்டது எது?"

அவ்வளவுதான். இந்தக் கேள்விக்கு வகைக்கெழு தெரிய வேண்டியதில்லை. இருவரும் உட்கார்ந்து, விட்டுப்போன ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் பென்சிலால் ஒரு எழுத்து போட்டார்கள். நேரம் போதாமல் தொடவே இல்லையென்றால் 'நே'. தெரிந்திருந்தும் தப்பு செய்திருந்தால் 'க' (கவனக்குறைவு). நிஜமாகவே தெரியாது என்றால் 'தெ'.

முடிவு இதுதான்:

நே: ஐந்து மதிப்பெண் 3, மூன்று மதிப்பெண் 1. மொத்தம் 18.

க: ஒரு மதிப்பெண் 4, இரண்டு மதிப்பெண் 2, மூன்று மதிப்பெண் 1. மொத்தம் 11.

தெ: ஒரு மதிப்பெண் 2, இரண்டு மதிப்பெண் 1, மூன்று மதிப்பெண் 2, ஐந்து மதிப்பெண் 2. மொத்தம் 20.

கூட்டிப் பாருங்கள், 49 வரும். இதில் 29 மதிப்பெண் அவனுக்குத் தெரிந்த பாடத்தில் போனது. தெரியாமல் போனது 20 மட்டும். அந்த இருபதும் ஏறக்குறைய இரண்டே பாடத்தில்: சாதாரண வகைக்கெழுச் சமன்பாடுகள், நிகழ்தகவுப் பரவல்கள். புத்தகத்தில் மொத்தம் 12 பாடம்.

இப்போது சொல்லுங்கள், "இவன் கணக்குல வீக்" என்ற தீர்ப்புக்கும் இந்தப் பட்டியலுக்கும் என்ன சம்பந்தம்? தீர்ப்பை வைத்துக்கொண்டு அவனால் என்ன செய்ய முடியும்? அழலாம். பட்டியலை வைத்துக்கொண்டு வேலை செய்யலாம்.

'நே'வுக்கு மருந்து வேறு. மூன்று மணி என்பது 180 நிமிடம், 90 மதிப்பெண்ணுக்கு, அதாவது ஒரு மதிப்பெண்ணுக்கு இரண்டு நிமிடம். ஐந்து மதிப்பெண் கணக்கில் பத்து நிமிடத்துக்கு மேல் மல்லுக்கட்டினால், கடைசியில் இருக்கும் கணக்கின் நேரத்தைத் திருடுகிறோம். பத்து நிமிடத்தில் வரவில்லையா, இடம் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போ. இதைப் பழகக் கடிகாரம் வைத்துக்கொண்டு எழுத வேண்டும், இன்னும் நாலு மணி நேரம் கூடுதலாகப் படிப்பதால் ஒன்றும் ஆகாது. 'க'வுக்கு மருந்து வேறு: எழுதி முடித்ததும் ஒரு மதிப்பெண் கேள்விகளைத் திரும்ப ஒரு முறை பார்ப்பது, கூட்டல் கழித்தல் குறியைச் சரிபார்ப்பது. 'தெ'வுக்கு மட்டும்தான் உட்கார்ந்து புதிதாகப் படிக்க வேண்டும், அதுவும் இரண்டு பாடம்.

மூன்று நோய்க்கும் ஒரே மருந்தாக "இன்னும் நல்லா படி" என்று சொல்வது இருக்கிறதே... அது கம்பவுண்டர் கூட செய்ய மாட்டார்.

பள்ளிக்கூடத்தின் பங்கு

பெற்றோரை மட்டும் திட்டினால் நியாயமில்லை. அவர்களை இப்படி ஆக்கியதில் பள்ளிகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

ஒரு சில பள்ளிகளில் பிள்ளை வீட்டுக்கு வருவதற்கு முன்னாலேயே அப்பாவின் போனுக்கு மார்க் மெசேஜ் வந்துவிடுகிறது. மார்க் வருகிறது, விடைத்தாள் வருவதில்லை. அது நாலு நாள் கழித்து வகுப்பில் கொடுக்கப்பட்டு, கையெழுத்து வாங்கி, அடுத்த நாளே திரும்ப வாங்கி அடுக்கி வைக்கப்படுகிறது. அந்த நாலு நாளில் வீட்டில் நடக்க வேண்டிய பஞ்சாயத்து எல்லாம் நடந்து முடிந்திருக்கும். பிறகு விடைத்தாளை யார் பார்ப்பார்கள்?

அப்புறம் பெற்றோர் கூட்டம். நான் படித்த பள்ளியில் எல்லோரையும் ஒரே ஹாலில் உட்கார வைத்து, கடைசி மார்க்கிலிருந்து ஆரம்பித்துப் பெயர் வாசிப்பார்கள். பெயர் வாசித்ததும் பிள்ளையும் பெற்றோரும் எழுந்து நிற்க வேண்டும். ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்று வேலை பார்க்கும் ஒரு அம்மா, அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்து அங்கேயும் நின்றார். அவருக்கு அன்று கிடைத்த தகவல் என்ன? தன் மகன் கடைசியிலிருந்து மூன்றாவது என்பது. எந்தப் பாடத்தில் எந்த அலகு அவனுக்குப் புரியவில்லை என்பது? அதை யாரும் சொல்லவில்லை. அதற்காகத்தானே அந்த அம்மாவை வரச் சொன்னது?

அரசு தன் பங்குக்கு ஏதோ செய்திருக்கிறது. 2017இல் பொதுத்தேர்வு முடிவில் மாநில அளவில், மாவட்ட அளவில் முதலிடம் இரண்டாமிடம் என்று அறிவிப்பதை நிறுத்தினார்கள். 2018இல் வந்த பிளஸ் ஒன் பொதுத்தேர்வை 2025-26 கல்வியாண்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். ரேங்க் போய்விட்டது. ஆனால் வீட்டுக்கு வரும் அட்டையின் பெயர் இன்னும் 'ரேங்க் கார்டு'தான். மாநில ரேங்கை அரசாணை போட்டு எடுக்கலாம். பெரியப்பா மனதில் இருக்கும் ரேங்கை யார் எடுப்பது?

இந்தப் பைத்தியம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு சாட்சி சொல்கிறேன். 2022 பிப்ரவரியில் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ திருப்புதல் தேர்வு வினாத்தாள்கள் முன்கூட்டியே வெளியாகி சமூக வலைத்தளங்களில் சுற்றின. பெரிய செய்தியானது. பொதுத்தேர்வு வினாத்தாளைத் திருடினால்கூட (தப்பு என்றாலும்) ஏன் என்று புரிகிறது. ஒத்திகைத் தேர்வின் வினாத்தாளை எதற்கு ஒருவன் தேட வேண்டும்? தன் ஓட்டை எங்கே என்று தெரிந்துகொள்ள வைத்த தேர்வில், ஓட்டையை மறைக்க எதற்கு இவ்வளவு பாடு? ஏனென்றால் ஒத்திகை மார்க்குக்கும் வீட்டில் அடி விழுகிறது. சர்க்கரை டெஸ்டுக்குப் போகும்போது பக்கத்து வீட்டுக்காரர் ரத்தத்தை எடுத்துக்கொண்டு போவது போலத்தான் இது. ரிப்போர்ட் நார்மல் என்று வரும். வியாதி?

"பயம் இருந்தாத்தான் படிப்பான்"

இது கட்டாயம் வரும் என்று தெரியும். "எங்க அப்பா பெல்ட்டால அடிச்சுத்தான் நான் இன்னைக்கு இந்த நிலைமையில இருக்கேன்" என்று சொல்லும் மாமாக்கள் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. (மாமா, நீங்கள் இருக்கும் நிலைமையைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை :))

பயம் வேலை செய்யும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எந்த வேலையைச் செய்யும் என்று பாருங்கள். பயந்த பிள்ளை முதலில் கற்றுக்கொள்வது மறைப்பதற்கு. விடைத்தாளைப் பையின் அடியில் வைப்பான். அப்பா கையெழுத்தை இவனே போடுவான். அடுத்த திருப்புதலில் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதி 60 வாங்கி வருவான். வீட்டில் எல்லோரும் "பார்த்தியா, திட்டினது வேலை செஞ்சுது" என்று சந்தோஷப்படுவார்கள். மார்ச் மாதம் அறை மாறும், பக்கத்துப் பையன் மாறுவான், உண்மை வெளியே வரும். ஓட்டையை ஜனவரியில் பார்ப்பது நல்லதா, மே மாதம் ரிசல்ட்டில் பார்ப்பது நல்லதா?

மார்க் கண்ணை மறைக்கும் என்பதற்கு ஒரு பழைய ஆராய்ச்சியே இருக்கிறது. ரூத் பட்லர் என்ற இஸ்ரேலிய ஆய்வாளர் 1988இல் வெளியிட்டது. பள்ளிப் பிள்ளைகளை மூன்று குழுவாகப் பிரித்தார். ஒரு குழுவுக்கு மார்க் மட்டும். ஒரு குழுவுக்கு எதை எப்படிச் சரிசெய்யலாம் என்ற குறிப்பு மட்டும். மூன்றாவது குழுவுக்கு மார்க்கும் குறிப்பும். குறிப்பு மட்டும் வாங்கிய குழு அடுத்தடுத்த வேலையில் முன்னேறியது. இரண்டும் வாங்கிய குழு? மார்க் மட்டும் வாங்கியவர்களைப் போலவேதான் இருந்தது. பக்கத்தில் மார்க் இருந்தால் குறிப்பினால் பலன் இல்லாமல் போகிறது. நாமோ குறிப்பே எழுதாமல் மார்க்கை மட்டும் எஸ்எம்எஸ்ஸில் அனுப்புகிறோம்.

இன்னொரு வாதமும் வரும். "2020இல் கொரோனாவால் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு ரத்தானபோது காலாண்டு, அரையாண்டு மார்க்கைத்தானே எடுத்தார்கள்? அப்போ ஒத்திகை என்று அலட்சியமாக இருந்தவன் கதி?" நியாயமான கேள்வி. உண்மைதான், அந்த வருடம் 80 சதவீதம் காலாண்டு, அரையாண்டு மார்க்கிலிருந்தும், 20 சதவீதம் வருகைப் பதிவிலிருந்தும் எடுத்தார்கள். எல்லோரும் தேர்ச்சி என்றும் அறிவித்தார்கள். ஆனால் அது நோய்த்தொற்றுக் காலத்தில் வேறு வழியில்லாமல் செய்தது. அடுத்த வருடம் பிளஸ் டூவுக்கு வேறு கணக்கு: பத்தாம் வகுப்பிலிருந்து 50, பிளஸ் ஒன்னிலிருந்து 20, பிளஸ் டூ செய்முறை மற்றும் அகமதிப்பீட்டிலிருந்து 30 சதவீதம். எதைத் தீர்ப்பாக எடுப்பார்கள் என்று யாராலும் முன்கூட்டி ஊகிக்க முடியாது. வெள்ளம் வந்த வருடம் பரணில் படுத்தோம் என்பதற்காக எல்லா வருடமும் பரணிலேயே படுக்க முடியுமா? தவிர, நான் அலட்சியமாக எழுதச் சொல்லவே இல்லை. முழு மூச்சாக எழுதட்டும். எழுதி முடித்த பிறகு வீடு என்ன செய்கிறது என்பதுதான் என் சண்டை.

படிப்பது என்ற பாவனை

சரி, ஓட்டை தெரிந்துவிட்டது. அடைப்பது எப்படி? இங்கேயும் நாம் கண்ணுக்குத் தெரிவதைத்தான் நம்புகிறோம். பையன் புத்தகத்தைத் திறந்து வைத்து முன்னும் பின்னும் ஆடினால் படிக்கிறான். கலர் மார்க்கரால் பக்கம் முழுக்க மஞ்சள் பூசினால் ரொம்ப நன்றாகப் படிக்கிறான். புத்தகத்தை மூடி வைத்துவிட்டு விட்டத்தைப் பார்த்தால்... "என்னடா கனவு காண்றே?"

ஆனால் புத்தகத்தை மூடிவிட்டு யோசித்துப் பார்ப்பதுதான் நிஜப் படிப்பு. 2006இல் ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பகுதியைப் படித்த பிறகு அதையே திரும்பப் படித்தார்கள். இன்னொரு பகுதியைப் படித்த பிறகு பார்க்காமல் ஞாபகத்திலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துத் தேர்வு வைத்தபோது திரும்பப் படித்த பகுதியே முந்தியது, 81க்கு 75 சதவீதம். ஒரு வாரம் கழித்து வைத்தபோது தலைகீழ். பார்க்காமல் எழுதிய பகுதியில் 56, திரும்பப் படித்த பகுதியில் 42. திரும்பத் திரும்பப் படிக்கும்போது "எல்லாம் வந்துடுச்சு" என்று ஒரு நினைப்பு வருமே, அது ஐந்து நிமிட நினைப்பு. பொதுத்தேர்வு ஐந்து நிமிடத்தில் வருவதில்லை.

அதனால் படிக்கும் பிள்ளையிடம் "எத்தனை மணி நேரம் படிச்சே?" என்று கேட்பதைவிட, "பார்க்காம எதை எழுதினே, காட்டு" என்று கேட்கலாம். ஒரே நாளில் ஒரு பாடத்தை முடித்துவிட்டு மறந்துபோகாமல், இரண்டு நாள் விட்டு, ஒரு வாரம் விட்டுத் திரும்ப எழுதிப் பார்க்கச் சொல்லலாம். அப்புறம் அந்த நாலு மணிக்கு எழுப்பும் வழக்கம்! பத்து மணிக்குப் படுத்தவனை நாலு மணிக்கு எழுப்பினால் சரி. பன்னிரண்டு வரை உட்கார வைத்து நாலு மணிக்கும் எழுப்பினால், படித்தது மூளையில் தங்குவதற்குத் தேவையான தூக்கத்தையே பிடுங்குகிறோம். வல்லாரைக் கீரையால் அந்தக் கடனை அடைக்க முடியாது.

வீட்டில் செய்யக்கூடியவை

என் வகுப்பு நண்பர்களில் நிறையப் பேருக்குத் தம்பி தங்கைகள் இந்த வருடம் எழுதுகிறார்கள். அம்மா அப்பாவுக்கு இதை வாசித்துக் காட்டுங்கள். காட்ட முடியாவிட்டால் நீங்களே செய்யுங்கள்.

1. மார்க் வந்த அன்று பேச வேண்டாம். சோறு போடுங்கள். பேச்சு அடுத்த நாள், விடைத்தாளோடு. விடைத்தாளைப் பள்ளி கொடுக்கவில்லை என்றால் போய்க் கேளுங்கள். ஃபீஸ் கேட்க அவர்களுக்கு உரிமை இருப்பது போல, பேப்பர் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

2. நே, க, தெ. பென்சில் போதும். கணக்கு தெரிய வேண்டியதில்லை, ஆங்கிலம் தெரிய வேண்டியதில்லை. தீர்மானிப்பது பிள்ளை, பக்கத்தில் உட்காருவது மட்டும் நீங்கள்.

3. பெற்றோர் கூட்டத்தில் ஆசிரியர் "கவனம் பத்தலை" என்றால், "எந்தப் பாடத்துலங்க சார்?" என்று கேளுங்கள். நல்ல ஆசிரியர் சந்தோஷமாகச் சொல்வார். அப்படிக் கேட்கும் பெற்றோருக்காகக் காத்திருக்கும் ஆசிரியர்கள் நிறைய இருக்கிறார்கள்.

4. ஒப்பிடுவதாக இருந்தால் அவனை அவனோடு ஒப்பிடுங்கள். முதல் திருப்புதலில் 'நே' 18, இரண்டாவதில் எவ்வளவு? அது குறைந்திருந்தால் மொத்த மார்க் ஏறாவிட்டாலும் அவன் முன்னேறியிருக்கிறான்.

5. சொந்தக்காரர்களுக்கு மார்க் சொல்லாதீர்கள். "நல்லா பண்றான்" போதும். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட அது கல்யாணப் பத்திரிகை இல்லை.

6. பிள்ளை திடீரென்று பேசுவதை நிறுத்தினால், சாப்பிடாமல் தூங்காமல் இருந்தால், "நான் இல்லாட்டி உங்களுக்கு நிம்மதி" என்கிற மாதிரி ஏதாவது சொன்னால், நடிக்கிறான் என்று நினைக்காதீர்கள். பாடத்தை ஓரம் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள், தனியாக விடாதீர்கள். 104க்கோ, மனநல உதவிக்கான 14416க்கோ போன் செய்யுங்கள். இரண்டுமே இலவசம்.

ஆறாவதை ஒப்புக்குச் சேர்க்கவில்லை. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022இல் மட்டும் இந்தியாவில் 13 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள். எல்லாமே தேர்வினால் இல்லை, ஒவ்வொன்றுக்கும் பல காரணம் இருக்கும். ஆனால் மார்க்கைத் தீர்ப்பாக வாசிக்கும் வீட்டில், ஏற்கனவே உடைந்திருக்கும் பிள்ளைக்கு உதவி கேட்க வழி அடைபட்டுப் போகிறது. நிஜப் பொதுத்தேர்விலேயே ஒரு பாடம் போனாலும் அதே வருடம் துணைத் தேர்வு வைக்கிறார்கள், எழுதிவிட்டு அதே வருடம் கல்லூரியில் சேரலாம். அரசாங்கமே இரண்டாவது வாய்ப்பு கொடுக்கிறது. வீட்டில் ஒத்திகைக்குக்கூடக் கொடுப்பதில்லை.

பதினாறு பதினேழு வயதுப் பிள்ளை ஒன்று, தான் எங்கெல்லாம் தப்பு செய்தேன் என்று தன் கையெழுத்திலேயே எழுதி, நம் கையில் கொடுக்கிறது. அந்த வயதில் வேறு எந்த விஷயத்திலும் இவ்வளவு வெளிப்படையாக அவர்கள் நம்மிடம் பேச மாட்டார்கள். முப்பது பக்கம்! அதன் முதல் பக்கத்தின் மூலையில் சிவப்பு மையில் இருக்கும் இரண்டு இலக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடி வைக்கிறோமே, படிப்பில் வீக் யார், அவனா நாமா?

அடுத்த திருப்புதல் பிப்ரவரியில். ஒரு பென்சிலைச் சீவி வையுங்கள்.